வேலியை இன்னும் வெட்டவில்லை

சித்திரை வருசப்பிறப்பு வந்து போய் மூன்று வாரமாகிறது, எங்கள் வீட்டுப் பின்பக்கத்துச் செவ்வரத்தை (செம்பருத்தி) வேலி இன்னும் தலைவிரி கோலமாகத்தான் நிற்கிறது. வழக்கமாக இங்கே வருசத்துக்கு ஒரு வாரம் முன்னாலேயே சுண்ணாம்பு அடித்து, தண்ணீர் ஓடுகிற கான் சுத்தம் பண்ணி, வேலியை மட்டமாக வெட்டி, இஸ்தோப்பை, அதாவது முன் திண்ணையைக் கழுவி முடித்துவிடுவார்கள். நாங்களும் எல்லாம் செய்தோம், வேலியைத் தவிர. அந்தப் பக்கமாகப் போகிறவர்கள் எல்லாரும் ஒரு வார்த்தை கேட்காமல் போகவில்லை. "என்னா புள்ள, வேலி காடா கெடக்கு, ஆளு கெடைக்கலையா?" ஆள் கிடைக்காமல் இல்லை. உள்ளே கொண்டைக்குருவி முட்டை வைத்திருந்தது. அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன், கொஞ்சம் நீளமாகவே வரும்.

எங்கள் வீடு இலங்கை மலையகத்தில் ஹப்புத்தளைப் பக்கம், தேயிலைத் தோட்டத்து ஓரத்தில். பின்னால் பத்துப் பதினைந்து அடி இடம்தான் இருக்கிறது. அதில் ஒரு கொய்யா, இரண்டு பழைய கோப்பிச் செடி, அம்மாவின் போஞ்சிப் பந்தல், நாலு கத்தரி, அந்தப் பக்கம் தண்ணீர் விழுகிற பீலி, அதற்கப்பால் தேயிலை மலை. ஏறக்குறைய 1,400 மீட்டர் உயரம் என்பதால் பனி விலகிய காலையில் தெற்கே பார்த்தால் சமவெளி முழுக்கத் தெரியும், இன்னும் தெளிவாக இருந்தால் தூரத்தில் ஒரு வெள்ளிக் கோடு மாதிரி கடல். அந்தக் கடலைத் தாண்டி நேர் தெற்கே போனால் அன்டார்டிகா வரைக்கும் தரையே கிடையாது. வடக்கேயிருந்து குளிருக்குப் பயந்து வருகிற சின்னக் குருவிகளுக்கு இதுதான் கடைசி நிலம். இதற்கு மேல் போக இடமில்லை, அதனால் இங்கேயே தங்கிவிடுகின்றன, புரட்டாசி ஐப்பசியில் வந்து சித்திரை வரைக்கும்.

வசந்தகாலம் என்று பாட்டில் கேட்டதுதான், நம் மலையில் அப்படி ஒன்று தனியாகக் கிடையாது. ஆனால் தை மாசிப் பனி விட்டு, காலையில் வெயிலும் பின்னேரம் இரண்டு மூன்று மணிக்கு இடியோடு ஒரு மழையுமாக இருக்கிற பங்குனி சித்திரை இரண்டு மாதத்தை வேறு எப்படிச் சொல்வது? வைகாசி கடைசியில் காத்து ஆரம்பித்துவிடும், அப்புறம் கூரைத் தகரமே பறக்கிற மாதிரி அடிக்கும், கிளையில் கூடு நிற்பது கஷ்டம். அதற்குள் முட்டையிட்டு, குஞ்சு பொரித்து, பறக்கவிட்டு முடிக்க வேண்டும் என்று உள்ளூர்க் குருவிகள் அவசரப்படுகிற நேரம் இது. அதே நேரத்தில்தான் வடக்கிலிருந்து வந்தவை மூட்டை கட்டுகின்றன. ஒரே தோட்டத்தில், ஒரே காலையில், ஒன்று புல் பொறுக்கிக் கூடு கட்டும், இன்னொன்று இரவு கிளம்புவதற்குக் கொழுப்பு சேர்த்துக்கொண்டிருக்கும். இதை நான் கவனிக்க ஆரம்பித்து ஆறு வருசம் ஆகிறது, ஒரு சி.ஆர். கொப்பியில் தேதி போட்டு எழுதி வைக்கிறேன், இன்னும் சலிக்கவில்லை.

இதை நன்றாகக் காட்டுகிறது எங்கள் வீட்டுக்கு மேலே போகிற கரண்ட் கம்பிதான். பங்குனியில் அதில் இரண்டு விதமான தகைவிலான் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். (தகைவிலான் என்பது புத்தகத்துப் பெயர், இங்கே யாரும் அப்படிச் சொல்வதில்லை.) ஒன்றுக்குச் செம்மண் நிறத் தொண்டை, அதற்குக் கீழே கரும் நீலத்தில் ஒரு பட்டி, வெள்ளை வயிறு, வால் இரண்டு நீளக் கம்பியாகப் பிரிந்திருக்கும். அது குளிர்காலத்துக்கு வந்தது. மற்றதுக்கும் அதே செம்மண் தொண்டைதான், ஆனால் பட்டி கிடையாது, வயிறு அழுக்குச் சாம்பல், வாலும் குட்டை. அது மலையிலேயே பிறந்து மலையிலேயே சாவது. பட்டிக்காரக் குருவிகள் சித்திரை நடுவில் ஒரு நாள் கம்பியில் இல்லை. பட்டி இல்லாத ஜோடி அந்த வாரமே எங்கள் இஸ்தோப்பு உத்தரத்தில் சேற்று உருண்டை உருண்டையாக ஒட்ட ஆரம்பித்துவிட்டது. பீலிக்குக் கீழே தண்ணீர் வழிகிற இடத்தில் சேறு எடுப்பதைப் பார்க்க வேண்டும், இறக்கை ஈரமாகாமல் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, கொத்திக் கொத்தி வாய் நிறைய எடுக்கும். தரையில் எச்சம் விழுகிறது என்று அம்மா ஒரு பழைய உர பேக்கை விரித்துப் போட்டிருக்கிறார், அவ்வளவுதான் செலவு.

அந்தப் பீலியில் ஒரு சாம்பல் வாலாட்டியும் இருந்தது. மஞ்சள் வயிறு, ஓயாமல் ஆடுகிற வால். வருகிறவற்றில் முதலில் வருவது அதுதான், ஆவணிக்குள் வந்துவிடும். இந்த வருசம் ஏப்ரல் 6க்கு அப்புறம் காணவில்லை. காஷ்மீர் ஈபிடிப்பான் பங்குனி ஆரம்பத்திலேயே போய்விட்டது. அது எங்கள் தோட்டத்துக்குத் தினமும் வருவதில்லை, ஆதிஷாம் பங்களா பக்கம் தங்கமலைக் காட்டு ஓரத்தில் போனால் பார்க்கலாம். ஆண் குருவிக்கு நெஞ்சு நெருப்புத் தணல் நிறம், ஓரத்தில் கறுப்புக் கரை. கோடையில் காஷ்மீர்ப் பக்கத்து இமயமலைக் காட்டில் குஞ்சு பொரிக்கும், குளிருக்கு இலங்கை மலைநாடும் இந்தியாவின் மேற்குத் தொடர்ச்சி மலையும்தான் அதற்கு வீடு. உலகத்திலேயே இவ்வளவு குறைவான இடத்தை நம்பி வாழ்கிற ஒரு குருவி நம் ஊர்ச் சவுக்கு மரத்தில் உட்கார்ந்து ஈ பிடிக்கிறது என்பதை எங்கள் பிள்ளைகளுக்கு யாரும் பள்ளிக்கூடத்தில் சொல்லவில்லை. எனக்கும் சொல்லவில்லை. அதில் எனக்கு வருத்தம் உண்டு.

ஆனால் போகிறவற்றில் எனக்கு மனசு கனக்கிறது ஆறுமணிக் குருவி போகும்போதுதான்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மைனாவை விடச் சின்னது, குட்டை வால், நீளக் கால். முதுகு பச்சை, நெஞ்சு சந்தன நிறம், வயிற்றுக்கு அடியில் சிவப்பு, கண் வழியாக ஒரு கறுப்புப் பட்டை, பறக்கும்போது இறக்கையில் நீலம் மின்னும். இவ்வளவு நிறத்தை வைத்துக்கொண்டு அது செய்கிற வேலை, கோப்பிச் செடிக்கு அடியில் காய்ந்த இலையைப் புரட்டிப் புழு தேடுவது. காலையில் விடிகிற நேரமும் அந்தியிலும் இரண்டு சுரமாக விசில் அடிக்கும், முதல் சுரம் மேலே எழும்பும், அடுத்தது கீழே இறங்கும். ஆறு மணிக்குக் கூப்பிடுவதால் ஆறுமணிக் குருவி. தோட்டக்கள்ளன் என்றும் ஒரு பெயர் இருக்கிறது. சிங்களத்தில் அவிச்சியா என்பார்கள், அது கூப்பிடுகிற சத்தமே பெயராகிவிட்டது. மயில் இதனுடைய அழகான ஆடையைத் திருடிக்கொண்டது, அதைச் சொல்லித்தான் இன்னும் அழுகிறது என்று அவர்களிடம் ஒரு கதை உண்டு.

அப்பாயி, அப்பாவின் அம்மா, உயிரோடு இருக்கும்போது இந்தக் குருவியின் சத்தம் நின்றதும் "ஊருக்குப் போயிருச்சு" என்பார். மலையகத்து வீடுகளில் ஊர் என்றால் இந்தியா. அவருடைய ஊரை அவர் பார்த்ததே இல்லை, இங்கேயே பிறந்தவர், இருந்தாலும் அது ஊர்தான். தோட்டத்து மக்களில் ஒரு பகுதியை இந்தியாவுக்கு அனுப்புவதென்று இரண்டு அரசாங்கமும் போட்ட 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு அவருடைய தம்பி குடும்பத்துக்குப் பாஸ்போர்ட் வந்து, எழுபதுகளில் தலைமன்னார் போய்க் கப்பல் ஏறினார்கள். இரண்டு கடிதம் வந்தது, அப்புறம் வரவில்லை. அப்பாயி அதைப் பற்றி அதிகம் பேசமாட்டார். ஆனால் ஐப்பசியில் ஒரு விடியலில் கோப்பிச் செடிக்கு அடியில் அந்த விசில் கேட்டதும், அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாலும் வெளியே வந்து நின்று கேட்பார். "வந்துருச்சு பாரு." ஒவ்வொரு வருசமும் அதே மாதிரி. அதே குருவியாக இருக்கும் என்றுதான் நினைத்தார், நானும் அப்படியே நம்பினேன், இப்போதும் முழுக்க விடவில்லை. இமயமலை அடிவாரத்திலிருந்தும் நடு இந்தியாவிலிருந்தும் இரவில் பறந்து வருகிற குருவி. ஐப்பசியில் வந்து சேரும்போது சில நேரம் சுத்தமாகக் களைத்துப்போய் வீட்டுக்குள்ளேயே விழுந்துவிடும். ஒரு தடவை எங்கள் இஸ்தோப்பு மூலையில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஒரு காட்போட் பெட்டியில் துணி போட்டு, பூனை எட்டாத இடத்தில் இருட்டாக வைத்தோம், எதையும் ஊட்டவில்லை. விடிந்ததும் திறந்தேன், தலையை இரண்டு தடவை ஆட்டிவிட்டு நேராக வேலிக்குள் போய்விட்டது.

சரி, கொண்டைக்குருவிக்கு வருகிறேன்.

மார்ச் 18ஆம் தேதி காலையில் சமையலறை ஜன்னலில் நின்று தேத்தண்ணி குடிக்கும்போதுதான் பார்த்தேன், ஒரு கொண்டைக்குருவி வாயில் நூல் வைத்துக்கொண்டு வேலிக்குள் போனது. உர பேக்கின் வாயைத் தைத்திருக்கும் வெள்ளை நூல், அது. அப்புறம் காய்ந்த புல், சிலந்தி வலை, ஒரு தேயிலைக் குச்சி, மறுபடி புல். ஐந்து நாளில் ஒரு சின்னக் கோப்பை அளவுக் கூடு, என் இடுப்பு உயரத்தில், மூன்று கிளை பிரிகிற இடத்தில். இருபது அடிக்குள் அவ்வளவு மரம் இருக்கும்போது ஆள் நடமாட்டம் உள்ள இந்த வேலியை ஏன் பிடித்தது என்று யோசித்தேன். செம்பகமும் (செம்போத்து) காக்காயும் வீட்டுச் சுவரை ஒட்டி வரப் பயப்படும், அதனால்தான் என்று நினைக்கிறேன்.

மூன்று முட்டை. இளஞ்சிவப்பாக, மேலே இரத்தம் தெறித்த மாதிரிப் புள்ளிகள், பெரிய முனையில் நெருக்கமாக. தொலைவிலிருந்துதான் பார்த்தேன், அது இரை தேடப் போன நேரத்தில் ஒரே ஒரு தடவை ஃபோனைக் கம்பில் கட்டி மேலேயிருந்து ஒரு படம் எடுத்தேன், அவ்வளவுதான். அடிக்கடி போய் எட்டிப் பார்த்தால் கூட்டை விட்டுவிடும், அதுவும் முட்டை வைத்த புதிதில். மனித வாடை பட்டால் குஞ்சைச் சேர்க்காது என்று எல்லாரும் சொல்வது அப்படியே உண்மை இல்லை, ஆனால் தொந்தரவு என்பது வேறு. அதோடு நாம் போகிற வழியைக் காக்காய் பார்த்துக்கொண்டிருக்கும்.

அடைகாத்த பதினான்கு நாளும் பின்னேர மழை தவறவில்லை. இடி இடிக்கிறது, வேலி முழுக்க ஆடுகிறது, அது கூட்டில் அமுங்கி, கொண்டையைப் படிய வைத்து, அலகை மேலே தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். தண்ணீர் முதுகில் விழுந்து இரண்டு பக்கமும் வழியும். கண்ணை மூடாது. நான் ஜன்னல் இந்தப் பக்கம் உள்ளே நின்றுகொண்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பேன், சோறு அடிப்பிடித்த நாளும் உண்டு.

ஏப்ரல் 8 அல்லது 9இல் பொரித்திருக்கும். மயிர் இல்லாத மூன்று சதைத் துண்டு, கண் திறக்கவில்லை, தாய் வந்து உட்கார்ந்த அதிர்வில் மூன்று வாயும் ஒரே நேரத்தில் திறக்கும், உள்ளே அப்படி ஒரு சிவப்பு. கொண்டைக்குருவி பழம் தின்கிற பறவை, எங்கள் கொய்யாவைப் பாதி அதுதான் தின்கிறது, ஆனால் குஞ்சுக்கு முதல் நாட்களில் கொண்டுவந்தது அத்தனையும் புழுவும் வெட்டுக்கிளியும் சின்ன வண்டும்தான். ஊட்டி முடித்ததும் தாய் ஒரு கணம் காத்திருக்கும், குஞ்சு திரும்பிப் பின்பக்கத்தைத் தூக்கி வெள்ளையாக ஒரு சின்னப் பை மாதிரி எச்சமிடும், தாய் அதை அலகில் கவ்விக்கொண்டு தூரத்தில் போய்ப் போடும். கூடு கடைசி வரைக்கும் சுத்தமாக இருந்தது.

இந்தப் புழுவை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், சித்திரையில்தான் போஞ்சிக்கும் கோவாவுக்கும் (முட்டைக்கோஸ்) பூச்சி மருந்தடிப்பதும் மும்முரமாக நடக்கிறது. தேன்சிட்டு தேன் குடிக்கிறது, சில்லை புல் விதை தின்கிறது என்று நாம் பெயர் வைத்திருந்தாலும், தேன்சிட்டும் குஞ்சுக்குச் சிலந்தியையும் பூச்சியையும்தான் ஊட்டும். மருந்தடித்த பந்தலில் ஒரு வாரத்துக்கு எதுவும் இல்லை. விவசாயம் பண்ணுகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை, ஒரு போஞ்சிப் பாத்தி போனால் அந்த மாதக் கடன் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். நாங்கள் வீட்டுத் தேவைக்கு வைக்கிற பந்தல் என்பதால் அடிக்காமல் இருக்க முடிகிறது. இருக்க முடிகிறவர்கள் இருக்கலாம் என்பதுதான் நான் கேட்பது.

இரண்டு வருசத்துக்கு முன்னால் நடந்ததையும் எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் வேலியை ஏன் வெட்டவில்லை என்பது புரியாது. அந்த வருசமும் சித்திரைக்கு மூன்று நாள் முன்னால் நான்தான் கத்தி எடுத்து வெட்டினேன். வேகமாக வெட்டிக்கொண்டே போனதில் ஒரு கிளை சாய்ந்து, அதிலிருந்து கூடு கவிழ்ந்து, இரண்டு குஞ்சு என் காலடியில் விழுந்தன. அந்தச் சத்தத்தை எழுத எனக்கு வரவில்லை. தாயும் தகப்பனும் கம்பியில் உட்கார்ந்து கத்துகின்றன, நான் கத்தியோடு நிற்கிறேன். அம்மாதான் ஓடிப்போய் ஒரு பாதிச் சிரட்டை எடுத்து வந்தார், அடியில் ஆணியால் இரண்டு ஓட்டை போட்டு, கலைந்த கூட்டின் புல்லையே உள்ளே வைத்து, குஞ்சுகளை எடுத்துப் போட்டு, மிச்சமிருந்த கிளையில் கயிற்றால் கட்டினோம். உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டு ஜன்னலில் நின்றோம். அரை மணி நேரம் இருக்கும். ஒரு பச்சைப் புழுவோடு தாய் வந்தது. சிரட்டையைச் சுற்றி மூன்று தடவை பறந்தது, அப்புறம் உட்கார்ந்து ஊட்டியது. ஆனால் மேலே மறைக்க இலை இல்லாமல் நான் வெட்டிவிட்டேன் அல்லவா, அன்றைக்கு ராத்திரி மழையில் ஒரு குஞ்சு செத்துப்போனது. மற்றது பிழைத்து ஒன்பதாம் நாள் பறந்தது.

அதிலிருந்து வேலி வெட்டுவது மாசிக்குள், இல்லையென்றால் ஆடிக்கு அப்புறம் என்று வீட்டில் முடிவு. இந்த வருசம் மாசியில் அம்மாவுக்குக் கால் வலி, எனக்கு வேலை, தள்ளிப்போய்விட்டது. தள்ளிப்போனதால் இவற்றுக்கு இடம் கிடைத்தது.

கத்தரிச் செடியில் ஒரு தையல்காரக் குருவியும் இருந்தது, அதை விட்டுவிட முடியாது. விரல் நீளம்தான், தலையில் துருப்பிடித்த நிறம், வாலை நட்டுக்கொண்டு இருக்கும், சத்தம் மட்டும் தோட்டம் முழுக்கக் கேட்கும். பெண் குருவிதான் தைக்கும். அகலமான இரண்டு கத்தரி இலையைச் சேர்த்து, ஓரத்தில் அலகால் துளை போட்டு, சிலந்தி நூலையும் பஞ்சையும் அந்தத் துளை வழியாக இழுத்து விடும். வெளியே வந்த நூல் முனை பஞ்சாகப் பிரிந்து பருத்து நின்றுவிடும், திரும்ப உள்ளே போகாது, முடிச்சு என்று எதுவும் கிடையாது. இலை செத்துப்போகாமல் பச்சையாகவே இருப்பதால் வெளியேயிருந்து பார்த்தால் கூடு என்றே தெரியாது. நான் பதினேழு தையல் எண்ணினேன். அம்மா அந்தச் செடியில் காய் பறிக்கவே இல்லை, முற்றிப் பழுத்து விதைக்கு விட்டுவிட்டார்.

வருசப்பிறப்பு அன்றைக்குத்தான் எனக்குப் பயம். காலையிலேயே லயத்துப் பக்கம், தொழிலாளர் வரிசை வீடுகள் பக்கம், வெடி ஆரம்பித்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பையன்கள் எங்கள் வேலி ஓரமாகத்தான் வருசா வருசம் வைப்பார்கள். முதல் நாள் சாயங்காலம் அவர்களைக் கூட்டி வந்து ஜன்னலில் நிறுத்தி, சத்தம் போடாமல் பாருங்கடா என்று காட்டினேன். மூன்று வாய் திறந்ததும் சின்னவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். குருவி அடிக்கக் கெட்டப்போல் (கவண்) வைத்துக்கொண்டு அலைகிற பையன், அவன். மறுநாள் வெடியெல்லாம், காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற பிரட்டுக்களத்தில் போய் வெடித்தார்கள். அன்றிலிருந்து தினமும் பள்ளிக்கூடத்தில் படிக்கிற மாதிரி வந்து நின்று "அக்கா, இன்னக்கி கண்ணு தெறந்துருச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

20ஆம் தேதி மூன்றும் கூட்டை விட்டு இறங்கின. இறங்கின என்றுதான் சொல்ல வேண்டும், பறக்கவில்லை. கொண்டைக்குருவிக் குஞ்சு சரியாகப் பறக்கத் தெரியும் முன்னாலேயே கூட்டை விட்டு வந்துவிடும், வால் முளைத்திருக்காது, செடிக்குச் செடி தத்தித் திரியும், தாய் தகப்பன் தேடி வந்து ஊட்டும். இதைப் பார்த்துத்தான் பல பேர் விழுந்துவிட்டது, பாவம் என்று எடுத்துக்கொண்டு போய்க் கூண்டில் வைத்துச் சோறு ஊட்டிச் சாகடிக்கிறார்கள். இறகு முளைத்த குஞ்சைத் தரையில் கண்டால், பூனை நாய் எட்டாத ஒரு செடியில் தூக்கி வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். தாய் பக்கத்தில்தான் இருக்கும், நீங்கள் நிற்பதால்தான் வராமல் இருக்கிறது.

அதற்கு முந்தின நாள், ஏப்ரல் 19, ஞாபகம் இருக்கிறது, மழை சீக்கிரமே விட்டு மேற்கே மஞ்சளாக வெளுத்திருந்தது, ஆறு மணிக்கு ஆறுமணிக் குருவி கூப்பிட்டது. நான்கு தடவை. கோப்பிச் செடிக்கு அடியில் இல்லை, கொய்யாக் கிளையில் ஏறி உட்கார்ந்து கூப்பிட்டது. மறுநாள் விடியலில் இல்லை. அன்று அந்தியிலும் இல்லை. மூன்று நாள் பார்த்துவிட்டுத்தான் கொப்பியில் எழுதினேன். டிஷ் அன்டெனாவில் குண்டுக்கரிச்சான் மட்டும் பாடிக்கொண்டிருந்தது, அது மார்கழி முழுக்க வாய் திறக்காமல் இருந்துவிட்டு இப்போது இருட்டு விலகும் முன்னாலேயே ஆரம்பித்துவிடுகிறது. அம்மா அடுப்படியிலிருந்து கேட்டார், "என்னா, சத்தத்தைக் காணோம்?"

"ஊருக்குப் போயிருச்சும்மா."

கூடு காலியானதும் இந்த வாரம் எப்படியும் வேலியை வெட்டிவிடலாம் என்று பக்கத்து வீட்டு மாமாவிடம் சொல்லி வைத்திருந்தேன். நேற்றுக் காலை அவர் கத்தி தீட்டிக்கொண்டு வந்து நிற்கிறார், நான் ஜன்னலில் நிற்கிறேன், கொண்டைக்குருவி மறுபடி வாயில் வெள்ளை நூலோடு வேலிக்குள் போகிறது. பழைய கூட்டுக்கு ஒரு முழம் தள்ளி, இன்னும் உள்ளே. மாமாவும் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை, கத்தியைச் சுவரில் சாத்திவிட்டுத் தேத்தண்ணி கேட்டார். காத்து தொடங்குவதற்குள் இந்த ஈட்டுக்கு நேரம் இருக்குமா தெரியவில்லை, நாள் எண்ணிப் பார்த்தால் ஒட்டி ஒட்டித்தான் வருகிறது. துணி காயப்போடுகிற கயிற்றை அம்மா அவிழ்த்து முன்பக்கம் கட்டிவிட்டார்.